துபாஷ் மாளிகையில் ஓர் இடம்

படப்பை
10.2.2025

மஞ்சுளாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். விலாசம் கொடுத்தது உன் அண்ணன்தான். அவரைத் திட்டாதே, வேலைக்குப் போகிற மனுஷனைப் பஸ் ஸ்டாப்பில் மறித்து வாங்கினேன்.

நான் கடைசியாகக் கையால் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்பில், வயிற்றுவலி என்று லீவு லெட்டர். அதனால் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இந்த வாரம் சி ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டுப் போனதும் தூக்கம் வரவேண்டும், வருவதில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். பெருக்கின இடத்தையே பெருக்குகிறேன். நேற்று மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தண்ணீர் மாடியிலிருந்து எதிர்வீட்டு வாசல்வரை ஓடியது. அந்த அம்மா வந்து, "இன்னா தம்பி, வூட்ல ஆள் இல்லியா?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே தப்பு என்று நீயே சொல். கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு பொருள் உபயோகம் இல்லாமல் கிடந்தால் தேதி போட்டுச் சிவப்பு அட்டை கட்டுவோம். வேண்டும் என்கிறவர் அட்டையைக் கழற்றிவிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் யாரும் கழற்றவில்லை என்றால் பொருள் வெளியே போகும். இதனால்தான் எங்கள் இடம் சுத்தமாக இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன வருஷம் போகிக்கு நம் வீட்டிலும் அப்படித்தான் கட்டினேன். உடைந்த மிக்ஸிக்குக் கட்டினேன், நீ கழற்றினாய், விட்டுவிட்டேன். சமையலறை லாஃப்டில் இருந்த தகரப் பெட்டிக்கும் கட்டினேன். ஒரு வருஷம் அந்த அட்டை தொங்கியது. அதன் கீழே நின்றுதான் தினமும் சமைத்தாய். கழற்றவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இந்தப் போகிக்கு இறக்கினேன், தெருமுனையில் எல்லாரும் பழைய பாய் எரித்த நெருப்பில் போட்டேன்.

பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நம் பிள்ளைக்கு வாங்கி வைத்த துணிகள். பிறந்து அழாமலே போன பிள்ளைக்கு ஒன்பது வருஷமாகத் துணியைப் பூட்டி வைத்து என்ன செய்யப்போகிறோம்? பழசைக் கழிப்பதற்குத்தானே போகி?

நீ பொங்கல் பானையைக்கூட ஏற்றாமல் கிளம்பிவிட்டாய். சரி, கோபம். ஆனால் இத்தனை இடம் இருக்கும்போது அந்த ஆற்றங்கரையில் போய் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாயாமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழை என்று கேட்டாலே என்னால் உட்கார முடியாது என்று உனக்குத் தெரியாதா?

வா. பேசிக்கொள்ளலாம்.

ஸ்ரீதர்

•

துபாஷ் மாளிகைப் பள்ளி
மணிமங்கலம் வழி
17.2.2025

ஸ்ரீதர் அவர்களுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க" என்பதைத் தவிர வேறு எப்படியும் உங்களைக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. அதனால் பேரை எழுதியிருக்கிறேன்.

எங்கே தப்பு என்று கேட்டீர்கள். லைனில் வேலை செய்கிறவரோடு குடித்தனம் நடத்தலாம், வீடே லைன் ஆனால் என்ன செய்வது? செருப்பு விடத் தரையில் மஞ்சள் கட்டம் போட்டீர்கள். கரண்டி மாட்டும் இடத்தில் சுவரில் கரண்டி மாதிரியே வரைந்தீர்கள். பருப்பு டப்பாவில் பருப்பு என்று எழுதி ஒட்டினீர்கள், எனக்கு என்னவோ பருப்பு தெரியாத மாதிரி. இதற்கெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து வீட்டில் சொல்லியும் சிரித்திருக்கிறேன்.

அட்டையை ஏன் கழற்றவில்லை என்று கேட்கிறீர்கள். கழற்ற வேண்டும் என்றால் பெட்டியைத் தொடவேண்டும். நான் அதைத் தொட்டதே இல்லை. மேலே இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குப் போதும். அட்டையைப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. இந்த மனுஷனுக்கு இது ஒரு வியாதி, எதற்கும் கட்டுவார், ஆனால் இதில் கை வைக்கமாட்டார் என்று நம்பினேன். உங்கள் கம்பெனியில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமாக இருக்கலாம். நான் உங்கள் கம்பெனியில் வேலை செய்யவில்லை.

இங்கே விடுதி வார்டன் வேலை. சாப்பாடும் தங்க ஓர் அறையும் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு வியாபாரத்தில் மொழிபெயர்த்துச் சம்பாதித்த ஒரு துபாஷ் கட்டிய மாளிகை. குதிரை லாயம் இப்போது வேதியியல் லேப். நாட்டியம் நடந்த கூடத்தில் பிள்ளைகள் சாம்பார் சாதம் சாப்பிடுகிறார்கள். வீட்டுப் பெண்கள் வெளியே தெரியாமல் எட்டிப் பார்த்த மரச் சல்லடை ஜன்னல்களுக்குப் பின்னால் எங்கள் விடுதி. ஓடாத கடிகாரம், பாடாத பியானோ, தாழ்வாரத்தில் தொங்குகிற ஓட்டைப் படகு, எல்லாம் இங்கே அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் யாரும் எரிக்கவில்லை.

ஆற்றைப் பற்றிக் கேட்டீர்கள். ஆற்றைப் பார்க்கவேண்டும் என்றுதான் வந்தேன். நம் வீட்டில் அந்த டிசம்பரைப் பற்றிப் பேசக்கூடாது, மழைச் செய்தி வந்தால் டிவியை அணைத்துவிடுவீர்கள். இங்கே காலையில் எழுந்ததும் அது கண் முன்னால் கிடக்கிறது. இப்போது வெறும் ஆகாயத்தாமரையும் முழங்கால் தண்ணீரும். இதைப் பார்த்தா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருக்கிறது.

இங்கே வந்து நிற்காதீர்கள். விடுதிப் பக்கம் ஆண்களை விடமாட்டார்கள். சனிக்கிழமைகளில், பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோருக்கு மட்டும் மாளிகையைச் சுற்றிக் காட்டுவோம். நீங்கள் யாருக்கும் பெற்றோர் இல்லை.

மஞ்சுளா

•

படப்பை
23.2.2025

மஞ்சுளா,

உன் கடைசி வரியை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்லமாட்டேன். படித்துவிட்டு நேற்று சனிக்கிழமை கிளம்பி வந்தேன். நீ பார்த்தாய். உன் முகம் போன போக்கையும் நான் பார்த்தேன்.

மணிமங்கலத்தில் இறங்கி, நெல் வயலும் லாரி செட்டும் மாறி மாறி வருகிற அந்தச் சாலையில் நடந்தேன். மரத்துக்குப் பின்னால் அப்படி ஒரு கட்டடம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. தூண் ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். வாசலில், சேர்க்கைக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் நான் முன்கூட்டி யோசித்து வைத்திருந்த பொய். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

நீ நன்றாகச் சுற்றிக் காட்டுகிறாய். பத்துப் பதினைந்து பேரை மேய்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "வழுக்கும், கைப்பிடிய புடிச்சிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே போனாய். அந்தச் சுங்குவார்சத்திரம் ஆள் எந்த அறைக்குப் போனாலும் ஏ.சி. உண்டா, நீட் கோச்சிங் உண்டா என்று கேட்டார். நீ ஒவ்வொரு தரமும் முதல் தரம் கேட்கிற மாதிரியே பதில் சொன்னாய். என்னிடம் இந்தப் பொறுமையில் கால்பங்கு காட்டியிருந்தால் என்று நினைத்தேன். பிறகு, காட்டினாயே என்றும் நினைத்தேன்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்தப் பியானோவின் மூடி சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தேன், ஒரு பையன் முறைத்தான். இதுவே எங்கள் கம்பெனியாக இருந்தால் அரை நாளில் இரண்டு லாரிச் சாமான் வெளியே போயிருக்கும். "ஓடாத கடிகாரத்த ஏன் மேடம் மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "அது இந்த வீட்டோடது சார்" என்றாய். சார் என்றாய், மஞ்சுளா.

மாடி ஜன்னலில் உன் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் இங்கே தங்குகிறாய் என்பது எனக்கு உறைத்தது. ஜன்னலுக்கு நல்ல கொக்கி இருக்கிறதா? மழைக்காலத்தில் காற்று அடிக்கும்.

படிக்கட்டில் நின்றபோது நான் சொன்ன பதிலை வேண்டுமென்று சொல்லவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. மற்றதெல்லாம் எழுதிவிட்டேன்.

ஸ்ரீதர்

•

துபாஷ் மாளிகைப் பள்ளி
26.2.2025

ஸ்ரீதர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதாததை நான் எழுதுகிறேன்.

ஆற்றுப் பக்கம் இறங்குகிற பெரிய படிக்கட்டில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் ஏறிய மட்டம். சனிக்கிழமைதோறும் அங்கே நின்று, இதுவரைக்கும் வந்தது, இதற்கு மேல் வரவில்லை, விடுதி மாடியில் இருப்பதால் பயமில்லை என்று சொல்லவேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அது மரத்துப் போயிருந்தது. அன்றைக்கு நீங்கள் எதிரில் நின்றதால் வாய் குழறியது. அந்த நேரம் பார்த்து எங்கள் பிரின்சிபால் சரோஜா மேடம் மேலே இருந்து வந்தார். ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டே உங்களிடம் வந்து, "உங்க குழந்த என்ன கிளாஸ் சார்?" என்று கேட்டார்.

நீங்கள் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சாவது மேடம்" என்றீர்கள். பேர் என்ன என்றார். "நிலா" என்றீர்கள்.

நான் பிடித்துக்கொண்ட கைப்பிடி அந்தக் காலத்துப் பர்மா தேக்கு. வேறு எதுவாக இருந்தாலும் உடைந்திருக்கும். அந்தப் பேரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்தோம், ஆறாம் மாதத்திலேயே. அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து ஒரு தரம்கூட வந்ததில்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு நடுவில், மிக்ஸிக்கு மாடல் நம்பர் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் அவர்களைப் படகுக்கும் லாயத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்ச் சிரித்த முகமாகப் பேசவேண்டியிருந்தது. என்னிடமிருந்து துணியை எடுத்தீர்கள், இப்போது பேரையும் எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து அழுதேன்.

கூத்து இதோடு முடியவில்லை. சரோஜா மேடத்துக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது. "அந்தப் படப்பை சார் ரொம்ப அமைதி, அவர் பொண்ணும் நல்லா படிக்கும்னு தோணுது" என்கிறார். ஐந்தாம் வகுப்பு விடுதியில் மிச்சம் இருப்பது கொஞ்சம் இடம்தான். அதில் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறார். மார்ச் எட்டாம் தேதி நுழைவுத் தேர்வு. உங்களுக்கு போன் செய்து நினைவுபடுத்தச் சொல்லி வாசல் நோட்டில் நீங்கள் எழுதிய நம்பரை என்னிடமே கொடுத்தார். நான் பிளாக் செய்து வைத்திருக்கிற நம்பர்.

உண்மை தெரிந்தால், புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்கூடத்தில் வந்து நாடகம் ஆடுகிறார்கள் என்று என்னை வெளியே அனுப்புவார்கள். அப்புறம் நான் எங்கே போவேன்? அந்த லாஃப்டுக்குக் கீழே வந்து நிற்க என்னால் முடியாது. குழந்தையைச் சேர்க்கவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு இந்தப் பக்கமே வராதீர்கள்.

மஞ்சுளா

•

படப்பை
3.3.2025

மஞ்சுளா,

இரண்டு வரிதான் கேட்டாய். எழுதினேன். என் மகள் நிலாவைச் சேர்க்க விருப்பமில்லை என்று எழுதவேண்டும். "என் மகள் நிலா" வரைக்கும் எழுதினேன், அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு தாள் எடுத்தேன், அதிலும் அதே இடத்தில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். பத்து வருஷத்தில் இதுதான் முதல் தரம்.

இனி வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

ஜூன் மாதம் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் பள்ளிக்கூட வேன் நிற்கும். பிள்ளைகள் புதுப் பையோடு ஏறுவார்கள். இந்த வருஷம் எல்.கே.ஜி. போகும், இந்த வருஷம் ஒன்றாவது, இரண்டாவது என்று மனசு தானாக ஓடும். நிறுத்தச் சொன்னால் கேட்காது. வருகிற ஜூனில் அஞ்சாவது. மேடம் கேட்டதும் நான் பொய் சொல்லலாம் என்று யோசிக்கவில்லை, வாய்க்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்புதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த ஷேர் ஆட்டோ ஞாபகம் வரும். முடிச்சூர் பக்கம் ரோடே தெரியாமல் ஆற்றுத் தண்ணீர். "இதுக்கு மேல வண்டி போவாதுண்ணா" என்று டிரைவர் திருப்பினார். நீ வலியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நடந்தாவது தாம்பரம் போய்விடலாம் என்றாய். நான் வேண்டாம் என்றேன், திருப்பிக்கொண்டு வந்தேன். படப்பையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. குழந்தை வந்தது, அழவில்லை. நடந்திருந்தால் நீயும் போயிருப்பாய் என்று எல்லாரும் சொன்னார்கள். நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நீ மனசுக்குள் என்ன நினைக்கிறாய் என்று கேட்க எனக்கு இன்று வரைக்கும் தைரியம் வரவில்லை.

அந்தப் பெட்டி மேலே இருக்கிறவரைக்கும் என்னால் வீட்டில் ஒரு இடத்தில் நிற்க முடியாது. அதனால்தான் இதை ஒட்டுவேன், அதை வரைவேன், மஞ்சள் கோடு போடுவேன். பெட்டி போய்விட்டால் அடங்கும் என்று நினைத்தேன். அட்டை, ஒரு வருஷம் என்பதெல்லாம் சாக்கு. லைனில் கற்ற ஒரு நியாயம் கையில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். பெட்டி போயிற்று, அடங்கவில்லை, நீயும் போய்விட்டாய்.

எங்கள் லைனில் இசக்கியப்பன் என்று ஒரு தம்பி, திருநெல்வேலிப் பக்கம். அவனிடம் சொன்னேன், வேறு யாரிடம் சொல்வது? வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "எண்ணே, பொஞ்சாதி பொருளுக்கு டேக் போடுத மனுசன இப்பதாம் பாக்கேன்" என்றான். சிரிக்கவில்லை, சிரிப்பான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "போயி கால்ல வுழுந்துருங்க, வேற வழி கெடையாது" என்றான்.

உன் வேலைக்கு ஆபத்து வராது. எட்டாம் தேதி நானே வந்து சரோஜா மேடத்திடம் நேரில் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு மகள் இல்லை, நான்தான் பொய் சொன்னேன், அந்த வார்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறேன். வாயால் சொல்லிவிடலாம், எழுதத்தான் வரவில்லை.

ஸ்ரீதர்

•

துபாஷ் மாளிகைப் பள்ளி
9.3.2025

என்னங்க,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. படித்துவிட்டு அப்படியே சரோஜா மேடம் அறைக்குப் போனேன். நீங்கள் வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. இப்படி ஒரு மகள் இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் கேட்டுக்கொண்டு உயிரோடு நிற்கமுடியாது. அவர் என் புருஷன், எங்கள் பிள்ளை பிறக்கும்போதே போய்விட்டது, அதன் பேர்தான் நிலா என்று நானே சொல்லிவிட்டேன்.

மேடம் என்னை உட்காரச் சொன்னார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஹால்ல பேர் ஒட்டியாச்சு மஞ்சுளா. அந்த ஒரு ஸ்டிக்கர எடுத்துடு, மத்தவங்க பார்த்தா ஏன் காலியா கெடக்குன்னு கேப்பாங்க" என்றார். சரி மேடம் என்றேன்.

தேர்வு அந்த நாட்டியக் கூடத்தில்தான். சாப்பாட்டு மேஜைகளை எல்லாம் நகர்த்தி, தனித்தனி மேஜை போட்டிருந்தார்கள். ஜன்னல் ஓரம், இரண்டாவது வரிசை. எஸ். நிலா என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. என் வாழ்நாளில் அந்தப் பேரை அச்சில் பார்த்தது அப்போதுதான். உங்கள் இனிஷியலும் சேர்த்து, எஸ். நிலா. எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. தொட்டேன், தடவிக்கொடுத்தேன், எடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் கண்காணிப்புக்கு என்னையும் அமலா என்கிற டீச்சரையும் போட்டார்கள். அமலாவுக்கு ஒன்றும் தெரியாது. வரிசையாகத் தாள் வைத்துக்கொண்டே போனவள் அந்த மேஜையிலும் ஒரு கேள்வித்தாளை வைத்துவிட்டுப் போனாள். பிள்ளைகள் எழுதினார்கள். பென்சில் சத்தம் மட்டும்தான். ஒரு பெண் குழந்தை வாய்ப்பாட்டை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஜன்னல் வெயில் அந்தக் காலி மேஜைமேல் விழுந்து, நகர்ந்து, அடுத்த மேஜைக்குப் போனது. வராதவர்கள் பேரைக் குறிக்கச் சொல்லி அமலா தாளை நீட்டினாள். நீயே பார்த்து எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். வாசல் மாமரத்தடியில் மற்ற அப்பா அம்மாக்களோடு நின்றீர்கள். சரோஜா மேடத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், இன்னும் ஏன் உள்ளே வரவில்லை என்று நினைத்தேன். ஒருவர் பென்ச்சில் இடம் விட்டார், நீங்கள் உட்காரவில்லை. கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு மேஜை காலி என்று உங்களுக்குத் தெரியாது, பேர் ஒட்டியிருக்கிறது என்றும் தெரியாது. உள்ளே உங்கள் பிள்ளை எழுதுகிற மாதிரியே நின்றீர்கள். எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் உங்கள் கை இரண்டும் அன்றைக்குச் சும்மா இருந்தன.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு, கணக்கு கஷ்டமா, இங்கிலீஷ் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார்கள். கடைசி ஆட்டோ போனபிறகும் நீங்கள் நின்றீர்கள். நான் இறங்கி வந்திருக்க வேண்டும். படிக்கட்டு வரைக்கும் வந்தேன். அந்தத் தகட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கால் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது மரத்தடியில் நீங்கள் இல்லை.

சாயங்காலம் வாட்ச்மேன் தணிகாசலம் அண்ணனிடம் கேட்டேன். "அந்த சாரா? பொண்ணு உள்ள எய்திகினு கீதுன்னு சொன்னாரு. டீ குடிக்கிறியா சார்னு கேட்டேன், பொண்ணு வந்துரட்டும்னாரு. எல்லாம் போயாச்சே சார், உன் பொண்ணு எங்கன்னேன். மூஞ்சக் கய்வினு கெளம்பிட்டாரு" என்றார்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் நான் தனியாகத்தான் அவளுக்கு அம்மாவாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு பக்கம் ஜூன் ஜூனாக அவளை வளர்த்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லை.

அந்த ஷேர் ஆட்டோவைப் பற்றிக் கேட்க பயம் என்று எழுதியிருந்தீர்கள். கேட்கவேண்டாம், நானே சொல்கிறேன். வண்டியைத் திருப்பியது நீங்கள் இல்லை, தண்ணீர். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், எனக்கும் வாய் வரவில்லை. இங்கே வந்து, பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று வாரா வாரம் சொல்லும்போதுதான் அது எவ்வளவு உயரம் ஏறியது என்று புரிந்தது. அன்றைக்கு நான் நினைத்த மாதிரி இடுப்பளவு இல்லைங்க. என் தலைக்கு மேல்.

துணியை எரித்ததை நான் மறக்கமாட்டேன். அதை மறந்துவிட்டேன் என்று பிறகு ஒரு நாள் சொன்னால் நம்பாதீர்கள். படப்பை வீட்டுக்கும் இப்போது வரமாட்டேன், எப்போது வருவேன் என்றும் தெரியாது. விடுதியில் காய்ச்சலாக இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு வரவும் முடியாது.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தபிறகு எனக்கு வேலை இல்லை. சாயங்கால மணிவரைக்கும் ஆற்றுப் படியில் உட்காரலாம், மேடத்திடம் கேட்டுவிட்டேன். சேர்க்கைக்கு என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். வாசலில் தணிகாசலம் அண்ணன் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்பார். நிலாவின் அம்மாவை என்று சொல்லுங்கள், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், விடுவார்.

மஞ்சுளா